கிரகணத்துக்கு முன்பே

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்பு பார்ப்பவள் நான். சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தினசரி காலண்டர்தான் எங்களுக்குப் பெரிய வேலை. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான ஆல்பம் வெளியாக வேண்டும். அதனால் ஊர் சித்திரை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போதே நாங்கள் அடுத்த மார்கழியைத் திருத்திக்கொண்டிருப்போம். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம், முகூர்த்த நாள் என்று ஆண்டு முழுவதும் தாள் தாளாக என் கண் வழியாகப் போகும்.

உதடு பிளந்து, உள்ளே அண்ணமும் பிளந்து பிறந்தவள் நான். இரண்டையும் தைத்தாகிவிட்டது. மேலுதட்டில் இடப்பக்கம் மூக்கு வரைக்கும் ஒரு தழும்பு இருக்கிறது. பேச்சு மூக்கால் வரும். போனில் பேசினால் "சளி பிடிச்சிருக்கா?" என்று இன்றும் கேட்பார்கள். மெய்ப்பு பார்க்க வாய் வேண்டாம், கண் போதும். அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

2019-ஆம் ஆண்டுக் காலண்டரில் டிசம்பர் 26-ஆம் தேதித் தாளையும் நான்தான் பார்த்தேன். சூரிய கிரகணம். பிடிக்கும் நேரம், விடும் நேரம், சாந்தி செய்துகொள்ள வேண்டிய நட்சத்திரங்கள். பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது என்று அந்தத் தாளில் இல்லை. அச்சிடத் தேவையும் இல்லை. அந்த ஒரு வரியை எல்லா வீட்டிலும் அவர்களே சேர்த்துப் படித்துக்கொள்வார்கள். அந்தத் தாள் என் தங்கை மகளை என்ன செய்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால், அதேபோல ஒரு நாள் என் அம்மாவை என்ன செய்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் அச்சங்குளம். சாத்தூர்ப் பக்கம். மழையை நம்பிய கரிசல் காடு. மழை பொய்த்தால் தீப்பெட்டியும் வெடியும். விருதுநகர் மாவட்டம் பிறக்காத காலம் அது, நாங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தோம். 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. கர்நாடகம், ஆந்திரம், ஒடிசா வழியாக முழுச் சூரிய கிரகணம் போனது. எங்கள் பக்கம் சூரியன் பாதிக்கு மேல் மறைந்தது. அம்மாவுக்கு இருபது வயது, நான் வயிற்றில். ஆறு மாசம். அப்பத்தா அவளை உள்வீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டாள்.

வெளியே, காலையில் ஒட்டிய தீப்பெட்டிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஆடு ஒன்று அவிழ்த்துக்கொண்டு வந்து மிதிக்கிற சத்தம் கேட்டிருக்கிறது. மிதிபட்ட பெட்டிக்குக் கூலி கிடையாது. அம்மா கதவைத் திறந்து ஓடி, பெட்டிகளைச் சுளகில் வாரிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். "ஒரு எட்டுதான் போனேன்" என்று இப்போதும் சொல்வாள்.

மே மாதம் நான் பிறந்தேன். மருத்துவச்சி என்னைத் தூக்கிக் காட்டியதும் அப்பத்தா சொன்ன முதல் வார்த்தை, "அன்னைக்கே சொன்னேன்ல." கிரகணம் கடித்த பிள்ளை என்று ஊர் சொன்னது. மூளி என்றும் சொன்னார்கள். எங்கள் பக்கம் வாய் உடைந்த பானை மூளி. காதில் கழுத்தில் ஒன்றும் இல்லாத பொம்பளையும் மூளி. நான் பிறந்தபோதே பாதிப் பட்டம் வாங்கிவிட்டேன். பிறகு கல்யாணம் ஆகாததால் மீதியும் வந்து சேர்ந்தது.

அப்பா சாத்தூருக்குப் போனவர் மூன்று நாள் கழித்துத்தான் வீடு திரும்பினார். ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி குடிக்கிற மனிதர். வீட்டுக்குள்ளேதான் குடிப்பார். அம்மா மாசமாக இருந்தபோது நீ என்னப்பா செய்தாய் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி பிறந்ததிலிருந்தே அம்மாவுக்கு மட்டும் சொந்தமானது.

அடுத்த பிரச்சினை பால். வாயை மூடிக் காற்றை இழுத்தால்தான் குழந்தை உறிஞ்ச முடியும். அண்ணம் பிளந்திருந்தால் இழுக்கிற காற்று மூக்கு வழியாகப் போய்விடும். குழந்தைக்கு விழுங்கத் தெரியும், உறிஞ்சத்தான் முடியாது. மார்பில் போட்டால் சப்பிச் சப்பிக் களைத்துத் தூங்கிவிடும். பால் குடித்துவிட்டது என்று நினைப்போம், வயிறு காலியாக இருக்கும். "பொட்டப்பிள்ள, பாலும் எறங்கல. ரெண்டு நாளைக்குப் பேசாம இரு" என்று உறவில் ஒருத்தி அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பேசாமல் இரு என்றால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குத் தெரியும். அவள் பேசாமல்தான் இருந்தாள். ஆனால் மார்பைப் பிழிந்து பாலைச் சங்கில் எடுத்து, என்னை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு, கன்னத்து ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மூக்கு வழியாக வந்ததைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். ஒரு சங்கு இறங்க முக்கால் மணி நேரம். இரவும் பகலும் இதே வேலை. பாலாடை என்று மருத்துவமனையில் கொடுப்பதும் அதே சங்குதான். நிமிர்த்திப் பிடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு, அடிக்கடி தட்டி ஏப்பம் விடவை என்று இன்று செவிலியர் சொல்லித்தரும் எல்லாவற்றையும் அவள் தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள். அதை ஊரில் யாரும் பாராட்டிச் சொல்லி நான் கேட்டதில்லை. கதவைத் திறந்ததுதான் பேச்சாக இருந்தது.

உதட்டைத் தைத்தபோது எனக்கு நான்கு வயது. அண்ணத்தை மூடியபோது பதினொன்று. அதற்குள் பேச்சு கெட்டித்துவிட்டது.

நன்னூலில் எழுத்துகள் எங்கே பிறக்கின்றன என்று சொல்லும் பகுதி இருக்கிறது. வல்லினம் நெஞ்சில், மெல்லினம் மூக்கில், இடையினம் கழுத்தில். பள்ளியில் அதை நடத்தியபோதுதான் எனக்கு என் வாய் புரிந்தது. மெல்லினம் எனக்கு நன்றாக வரும். வல்லினம் வராது. ப-வுக்கும் ம-வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடுகிறது. ப சொல்லும்போது அண்ணத்தின் பின்பகுதி எழும்பி, மூக்குக்குப் போகிற வழியை அடைக்கிறது. காற்று வாய்க்குள் தேங்கி, உதட்டைத் தள்ளிக்கொண்டு வெடிக்கிறது. ம சொல்லும்போது அந்த வழி திறந்தே இருக்கிறது. என்னுடைய வழி எப்போதும் திறந்தே இருந்தது. அதனால் நான் சொன்ன ப எல்லாம் ம ஆனது. அப்பா என்று கூப்பிட்டால் அம்மா என்று கேட்டது. அவர் திரும்ப மாட்டார். தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? "ஆத்தாளத்தான் கூப்புடுது" என்பார். அவர் சாகும்வரை என் வாயால் அப்பா என்ற சொல்லை அவர் கேட்கவில்லை.

பட்டாசு என்ற சொல்லில் இருக்கும் மெய்யெல்லாம் வல்லினம். ஒரு மெல்லினம்கூடக் கிடையாது. எங்கள் ஊருக்குச் சோறு போடுகிற சொல் அது. எனக்கு வரவே வராது.

இருபத்து நான்கு வயதில், சொந்தச் சம்பளத்தில், மதுரையில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் போனேன். மூக்குக்குக் கீழே சிறிய கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பா, பா, பா என்று சொல்லச் சொன்னார். கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்தது. ஆவி படராமல் சொல்வதுதான் பாடம். ஒரு வருடம் போனேன். ப கொஞ்சம் வந்தது. ட பாதி வந்தது. வாரம் ஒரு நாள் விடுப்பு எடுக்க முடியாமல் நின்றுவிட்டேன். "இதை ரெண்டு வயசுல ஆரம்பிச்சிருக்கணும்மா" என்று அந்தப் பயிற்சியாளர் வருத்தத்தோடு சொன்னார்.

பெண் பார்க்க வந்தவர்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள். மாசமா இருக்கையில என்ன செஞ்சீக? பொறக்குற பிள்ளைக்கும் வருமா? இரண்டாவது கேள்விக்கு மருத்துவத்தில் பதில் இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பிளவு இருந்தால், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து வரை. அதாவது தொண்ணூற்றைந்து பிள்ளைகளுக்கு மேல் பிளவில்லாமல் பிறக்கும். ஆனால் வந்தவர்கள் கணக்குக் கேட்டு வந்தவர்கள் இல்லை.

இனி என் தங்கை மகள். உள்ளூரிலேயே இரண்டு தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்தோம். 2019 டிசம்பர் 26 அன்று அவளுக்கு நான்கு மாசம். கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சிப் பக்கமெல்லாம் வளையமாகத் தெரிந்த கிரகணம் அது. காலை எட்டு மணிக்கு மேல் தொடங்கிப் பதினொன்று தாண்டிய பிறகு விட்டது. மாமியார் காலண்டர் தாளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டே நேரம் பார்த்திருக்கிறார். ஜன்னலுக்குப் போர்வை போட்டு, கையில் தர்ப்பையைக் கொடுத்து, செல்லை வாங்கி வைத்துவிட்டார். மூன்று மணி நேரத்துக்கு மேல் அவள் தண்ணீர் குடிக்கவில்லை, ஒன்றுக்கும் போகவில்லை. கையைக் காலை மடக்கக்கூட இல்லை. என் அம்மா செய்யத் தவறியது எல்லாவற்றையும் அவள் செய்தாள்.

மார்ச்சில் வளைகாப்பு. முந்தின நாள் தங்கை போன் செய்தாள். "அக்கா, நீ சமையக்கட்டுல இருந்துக்கிறியா? மாசமா இருக்குறவ முகத்துல படக் கூடாதுன்னு அவுக வீட்டுல சொல்லுறாக." சம்மதித்தேன். புளிச் சாதம் கிண்டினேன். கூடத்தில் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

2020 ஜூன் 5. ஊரடங்குக் காலம். பெண் குழந்தை, இரண்டு கிலோ அறுநூறு. இடப்பக்கம் உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. அப்படியே என் முகம்.

கிரகணத்தின்போது உள்ளேதானே இருந்தாள் என்று சொன்னேன். அதற்குப் பதில் தயாராக இருந்தது. திரை விலக்கிப் பார்த்திருப்பாள். உட்கார்ந்தபடி நகத்தால் துணியைக் கிழித்திருப்பாள். கடைசியில், "பெரியம்மாவ பாத்துப் பாத்து வளந்தவதானே" என்றார்கள். கதவு திறந்திருந்தாலும் சாத்தியிருந்தாலும் குற்றவாளி மட்டும் மாறவில்லை. அந்த முறை என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அச்சகம் மூடியிருந்ததால் நான் ஊரில்தான் இருந்தேன். அம்மாவும் நானும் தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டோம். மருத்துவமனைச் செவிலியர் நல்ல பெண். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாலாடையில் கொடுக்கச் சொல்லி, செய்தும் காட்டினார். பத்து வாரம் ஆக வேண்டும், எடை பத்துப் பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ வர வேண்டும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்து இருக்க வேண்டும், அப்போதுதான் உதட்டைத் தைப்பார்கள் என்று விளக்கினார். குழந்தையோ இரண்டு வாரத்தில் எடை ஏறாமல் இறங்கியிருந்தது. இரண்டு கிலோ முந்நூற்றைம்பது.

ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை. மறுபடியும் சூரிய கிரகணம். பத்து மணிக்கு மேல் தொடங்கி மதியம் ஒன்றரை வாக்கில் விடும். சம்பந்தியம்மா காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். கிரகணம் விடுகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் படக் கூடாது, பிள்ளைக்கும்தான் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவரும் மூன்று பிள்ளை பெற்று, முப்பது வருடம் வெடி ஆபீஸில் சரம் பின்னியவர். பேத்திக்கு இன்னும் ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது.

பதினொரு மணிக்குக் குழந்தை அழ ஆரம்பித்தது. அண்ணம் பிளந்த குழந்தையின் அழுகை மூக்கால் வரும், மெலிவாகத்தான் கேட்கும். தங்கை மகள் மாமியாரைப் பார்த்தாள், தன் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் காலண்டர் தாளைத் திருத்துகிறவள். அந்த நேரங்களை மனப்பாடமாகச் சொல்வேன். எழுந்து நின்றேனே தவிர வாய் வரவில்லை.

அம்மா எழுந்தாள். 1980-க்குப் பிறகு ஒரு கிரகணத்துக்கும் அவள் வாசற்படி தாண்டியதில்லை. அடுப்பைப் பற்றவைத்து, வெந்நீரில் சங்கைப் போட்டாள். "பிள்ளைய எடு" என்றாள். சம்பந்தியம்மா ஏதோ சொல்ல வாய் எடுத்தார். "அன்னைக்கு வெளிய போனதுக்கு நாப்பது வருசமாக் கேட்டுக்கிட்டேன். இதுக்கும் கேட்டுக்கிறேன் மதினி. பிள்ளைக்குப் பசிக்குது" என்றாள். தங்கை மகள் திரும்பி உட்கார்ந்து பாலைப் பிழிந்தாள். அம்மா பதினொன்றரைக்கு ஒரு முறை கொடுத்தாள், ஒன்றரைக்கு முன்பே இன்னொரு முறை கொடுத்தாள். சம்பந்தியம்மா எழுந்து போகவில்லை. இரண்டாம் முறை குழந்தையின் தலையை அவர்தான் நிமிர்த்திப் பிடித்தார்.

அன்று ராத்திரி அம்மாவிடம் கணக்குச் சொன்னேன். நாள் கணக்கு என் தொழில்தானே. கரு உருவாகி நாலு வாரத்திலிருந்து ஏழு வாரத்துக்குள் மேலுதடு பொருந்தி முடிந்துவிடுகிறது. அண்ணம் மூன்று மாதத்துக்குள் மூடிவிடுகிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வருகிற சதை நடுவில் சேர வேண்டும். சேராவிட்டால் பிளவு. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்று அப்போதுதான் தெரிந்திருக்கும். நான் பிறந்தது மே. கருவானது ஆகஸ்ட். அக்டோபர் தொடக்கத்திலேயே, 1979 தீபாவளி வருவதற்கு முன்பே, என் உதடு பிளந்தபடி முடிந்துவிட்டது. கிரகணம் பிடித்தது பிப்ரவரியில். நீ கதவைத் திறந்தபோது என் உதடு பிளந்து நாலு மாசம் ஆகியிருந்தது அம்மா. இந்தப் பிள்ளைக்கும் அதேதான். டிசம்பர் கிரகணத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துபோனது. வளைகாப்புக்கு நான் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

நாற்பது வருடச் சுமையை இறக்கிவைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப தீபாவளிக்கு முந்தி நான் என்ன செஞ்சேன்?"

தேட ஆரம்பித்துவிட்டாள். புரட்டாசி மாதம், தீபாவளி நெருக்கம், ராத்திரி வேலை. ஒரு நேரச் சோறு. கிணற்றடியில் ஒரு நாள் வழுக்கி உட்கார்ந்தது. மாமியாரோடு போட்ட சண்டை. விடிகிற வரை அந்த இரண்டு மாதத்தையும் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் விடுதலை கொடுத்ததாக நினைத்தேன். குற்றம் நடந்த தேதியைத்தான் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூடநம்பிக்கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அறிவியலை வைத்தால் போதாது. கேள்வி அப்படியே இருந்தால், புதிய பதிலும் அதே பெண்ணின் தலையில்தான் விழும். உலகத்தில் ஏறக்குறைய 700 குழந்தைகளுக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. பரம்பரைக் கூறுகள் உண்டு, அவை தந்தை வழியாகவும் வரும். சில வலிப்பு மருந்துகள், புகை, கட்டுப்படாத சர்க்கரை, சத்துக்குறைவு ஆகியவை வாய்ப்பைக் கூட்டலாம். உதட்டுப் பிளவு ஆண் குழந்தைகளுக்கு அதிகம். அண்ணம் மட்டும் பிளப்பது பெண் குழந்தைகளுக்கு அதிகம். ஆனால் இந்த ஒரு குழந்தைக்கு இன்னதால் வந்தது என்று பெரும்பாலும் எந்த மருத்துவராலும் சுட்ட முடியாது. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடுவது நல்லது. அதையே "மாத்திரை போட்டியா?" என்று பிரசவ அறையில் கேட்டால், அது அப்பத்தா கேட்ட கேள்விதான்.

மெக்சிகோவிலும் இதே கதை உண்டு. அங்கே பழைய அஸ்டெக் மக்கள் கிரகணத்தை நிலவில் விழுந்த கடி என்று நம்பினார்கள். கர்ப்பிணி பார்த்தால் பிள்ளையின் வாயிலும் அந்தக் கடி விழும் என்று பயந்து, வயிற்றருகே எரிமலைக் கண்ணாடிக் கல்லால் ஆன கத்தியை வைத்துக்கொண்டார்கள். இன்றும் ஊக்கு குத்திக்கொள்கிற பெண்கள் அங்கே இருக்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கமும் வானத்தில் நடந்ததற்கு வயிற்றைத்தான் காவல் வைத்திருக்கிறார்கள்.

கொரோனாவால் அவசரமில்லாத அறுவைகள் தள்ளிப்போயின. டிசம்பரில், ஆறு மாதம் முடிந்தபோது, மதுரையில் உதட்டைத் தைத்தார்கள். காசு வாங்கவில்லை. இது எல்லோருக்கும் தெரிய வேண்டும். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்கிற அரசின் சிறார் நலத் திட்டத்தில் உதடு, அண்ணப் பிளவும் சேர்ந்தது. ஸ்மைல் டிரெயின் போன்ற தொண்டு நிறுவனங்கள் மருத்துவமனைகளோடு சேர்ந்து இலவசமாகச் செய்கின்றன. 2009-இல் ஆஸ்கர் வாங்கிய 'ஸ்மைல் பின்கி' என்ற ஆவணப்படம் உத்தரப்பிரதேசத்தின் மிர்சாபூர்ப் பக்கத்துச் சிறுமி ஒருத்திக்கு நடந்த இத்தகைய அறுவையைப் பற்றியது. உதடு தைத்ததும் முகம் மாறுவதைப் படம் எடுக்கலாம். அதற்குப் பிறகு அண்ணம், காது, பல் வரிசை, பேச்சு என்று பதினைந்து வருடம் போகிறது. அது படத்தில் வராது. அந்தப் பதினைந்து வருடமும் பேருந்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது யார், அதற்காகக் கூலியை இழப்பது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை மதியம், எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலையில் வெடித்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அச்சங்குளம் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருந்தால் அதனால்தான். உதட்டைத் தைக்கிறதும் தீக்காயத் தோலை ஒட்டுகிறதும் பெரிய மருத்துவமனைகளில் ஒரே பிரிவு, பிளாஸ்டிக் சர்ஜரி. வெடி விபத்தில் முகம் வெந்து தப்பித்த பெண்களை எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் பார்க்கலாம். அவர்களிடமும் முதல் கேள்வி அதுதான்: "கொஞ்சம் பாத்து வேல செஞ்சிருக்கக் கூடாதா?" அறையில் எத்தனை பேரை உட்காரவைத்தார்கள், எவ்வளவு மருந்து வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் பிறகு வருகிற கேள்வி. என் அம்மாவை நினைக்காமல் அந்தப் பெண்களை என்னால் பார்க்க முடிவதில்லை.

இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு, அக்டோபரில், பதினாறு மாதத்தில் குழந்தைக்கு அண்ணத்தை மூடினார்கள். பேச்சுப் பயிற்சியாளர் வாரம் ஒரு முறை போனில் சொல்லித்தருகிறார். தங்கை மகள் கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்காருகிறாள். பயிற்சி ஊரைத் தேடி வர முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளூர் ஆட்களுக்கே கற்றுக்கொடுத்து, கிராமங்களில் இந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கவைத்திருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒருவர் வந்திருந்தால் அப்பா ஒரு முறையாவது திரும்பிப் பார்த்திருப்பார்.

2022 காலண்டர் வேலை வந்தபோது, அக்டோபர் 25-ஆம் தேதித் தாளில் ஒரு கிரகணம் இருந்தது. நேரத்துக்குக் கீழே ஒரு வரி சேர்க்கலாமா என்று மேலாளரிடம் எழுதிக் காட்டினேன். "கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பட்டினி இருக்க வேண்டியதில்லை." அவர் இரண்டு முறை படித்தார். "நீங்க எழுதினது சரிம்மா. ஆனா ஜனங்க காலண்டர் வாங்குறது நல்ல நாள் பாக்க. இதப் போட்டா ஆர்டர் போயிரும்" என்றார். வரி சேரவில்லை. பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். அடுத்த முறையும் எழுதிக் காட்டுவேன்.

அந்தக் கிரகணம் தீபாவளிக்கு மறுநாள் வந்தது. சூரியன் மறைகிற நேரம், கொஞ்சம்தான் பிடித்தது. நான் ஊரில் இருந்தேன். தெரு முழுக்க வெடித்த காகிதம். குழந்தை இரண்டு கையாலும் காகிதத்தை வாரி மேலே எறிந்து விளையாடிக்கொண்டிருந்தாள். இது என்ன பாப்பா என்று கேட்டேன். "பத்தாசு" என்றாள். ட இன்னும் வரவில்லை. அந்த வயதில் எந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான். உள்ளங்கையை அவள் வாய்க்கு முன்னால் வைத்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். ப வந்து என் கையில் மோதியது. காற்று நல்ல சூடாக இருந்தது.

தங்கை மகள் தெருவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "வா அம்மாச்சி, வந்து கேளு" என்று கூப்பிட்டாள். அம்மா கதவைத் திறந்து வாசல் வரைக்கும் வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, படிக்கு உள்ளேயே நின்று கேட்டாள்.